பக்கத்து வீட்டில் கோல்... நம்ம போனில் இன்னும் சுத்துது! லைவ் ஸ்ட்ரீமிங் திணறுவது ஏன்?

2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. கத்தாரின் லுசைல் மைதானத்தில் உலகக் கோப்பை கால்பந்து இறுதிப்போட்டி. அர்ஜென்டினாவும் பிரான்ஸும் மோதின. தமிழ்நாட்டில் எங்கே பார்த்தாலும் மெஸ்ஸி ஜெர்சிதான். புதுச்சேரி கதை மட்டும் கொஞ்சம் வேறு. பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழும் ஊர் இது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷன் வாங்கும் 'சொல்தா' குடும்பங்களுக்கு பிரான்ஸ் அணி வெளிநாட்டு அணி இல்லை.

ஆட்டத்தின் 79 நிமிடம் வரை அர்ஜென்டினா 2-0 என முன்னிலை. எல்லாம் முடிந்தது என நினைத்த நேரத்தில் எம்பாப்பே பெனால்டியில் ஒரு கோல் போட்டார். அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் இன்னொன்று. இரண்டு கோலுக்கும் இடையே வெறும் 97 விநாடிகள்!

இப்போது ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் டிவி ஓடுகிறது. பக்கத்து வீட்டில் போனில் ஸ்ட்ரீமிங். போனில் வரும் காட்சி சாதாரணமாகவே 30, 40 விநாடி பின்தங்கித்தான் வரும். அதோடு ஒரு நிமிடம் வட்டம் சுற்றி நின்றுவிட்டால்? போன் வைத்திருப்பவர் முதல் கோலைப் பார்த்துக் கத்தும்போது, டிவி வீட்டில் இரண்டாவது கோலுக்கு ஆடிக்கொண்டிருப்பார்கள்.

உடனே நாம் சொல்வது, 'நெட் ஸ்லோ'. ரீசார்ஜ் பேக்கை மாற்றுவோம், வைஃபை ரவுட்டரை அணைத்துப் போடுவோம், மொட்டை மாடிக்கு ஓடுவோம். பல நேரம் பிரச்சினை நம் நெட்டிலேயே இருக்காது. எங்கோ இருக்கும் சர்வர் ஒன்று, 'இவருக்கு இவ்வளவுதான்' என்று முடிவு செய்திருக்கும்.

அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது? காசு கட்டியும் காட்சி நின்றால் யாரைக் கேட்பது? பார்க்கலாம்.

முதல் நாளே திணறிய ஜியோசினிமா

அந்த உலகக் கோப்பையை இந்தியாவில் ஜியோசினிமா செயலி இலவசமாக ஒளிபரப்பியது. 2022 நவம்பர் 20-ம் தேதி, கத்தார் - ஈக்வடார் மோதிய முதல் ஆட்டத்திலேயே காட்சி நின்று நின்று வந்தது. ரசிகர்கள் ட்விட்டரில் கொந்தளித்தார்கள், மீம்ஸ் பறந்தது. சரிசெய்து வருவதாகச் சொன்ன நிறுவனம், செயலியை அப்டேட் செய்யுமாறு கேட்டுக்கொண்டது. அடுத்தடுத்த நாட்களில் நிலைமை மெல்ல மேம்பட்டது. இறுதிப்போட்டியை அந்தச் செயலியில் 3.2 கோடி பேர் பார்த்ததாக நிறுவனம் அறிவித்தது.

அதே இரவு பிரான்ஸில் டிஎஃப்1 டிவி சேனலில் சராசரியாக 2.4 கோடிப் பேர் ஆட்டத்தைப் பார்த்தார்கள். பிரெஞ்சு டிவி வரலாற்றிலேயே அது சாதனை. அங்கே ஒளிபரப்புக் கோபுரத்துக்கு ஆள் கூடக்கூட வேலை கூடவில்லை. வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

டிவி வேறு, ஸ்ட்ரீமிங் வேறு

டிவி என்பது கோயில் திருவிழாவில் கட்டும் ஸ்பீக்கர் மாதிரி. ஒருத்தர் கேட்டாலும் ஊரே கேட்டாலும் ஸ்பீக்கருக்கு ஒரே வேலைதான். செயற்கைக்கோள் ஒருமுறை அனுப்பும் சிக்னலை எத்தனை டிஷ் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம்.

ஸ்ட்ரீமிங் என்பது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போன் போட்டு கமென்டரி சொல்வது மாதிரி. ஒரு கோடிப் பேர் பார்த்தால் ஒரு கோடி தனி இணைப்புகள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். போனில் ஓரளவு தெளிவாகப் பார்க்க நொடிக்கு 1 மெகாபிட் வேகம் வேண்டும் என வைத்துக்கொள்வோம். ஒரு கோடிப் பேருக்கு நொடிக்கு 10 டெராபிட். அதாவது 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்புகள் ஒரு லட்சத்தை முழு வேகத்தில் ஒரே நேரத்தில் திறந்துவிட்டதற்குச் சமம். எல்லோரும் ஹெச்டி கேட்டால் மூன்று மடங்கு, பெரிய டிவியில் ஃபுல் ஹெச்டி என்றால் ஐந்து மடங்கு என்று ஏறிக்கொண்டே போகும்.

இவ்வளவையும் ஒரே இடத்திலிருந்து அனுப்ப முடியாது. அதனால் மூல சர்வரிலிருந்து பல நகரங்களில் இருக்கும் துணை சர்வர்களுக்கு வீடியோ நகல் போகும். நாம் பார்ப்பது அந்த நகலைத்தான். புதுச்சேரியில் பார்ப்பவருக்கு அது பெரும்பாலும் 150 கி.மீ. தள்ளி இருக்கும் சென்னை போன்ற ஒரு பெரிய நகரத்து டேட்டா சென்டரிலிருந்தோ, இணைய நிறுவனத்தின் சொந்த மையத்திலிருந்தோ வரும். கத்தாரிலிருந்து நேராக பாரதி வீதிக்கு எதுவும் வருவதில்லை.

அந்த 40 விநாடி எங்கே போகிறது?

லைவ் வீடியோ தண்ணீர்க் குழாய் மாதிரி விடாமல் வருவதில்லை. 4 அல்லது 6 விநாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு வருகிறது. ஒவ்வொரு துண்டையும் மூன்று, நான்கு தரங்களில் சர்வர் தயாரித்து வைக்கும். நம் போன் ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்கி, வரிசையில் சேர்த்து ஓட்டும்.

நடுவில் நெட் கொஞ்சம் தடுமாறினாலும் படம் நிற்கக் கூடாது என்பதற்காக, போன் இரண்டு மூன்று துண்டுகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். 6 விநாடித் துண்டு மூன்று என்றால் அதிலேயே 18 விநாடி போய்விட்டது. கேமராவிலிருந்து வந்து, கமென்டரி சேர்த்து, பல தரங்களில் மாற்றி, துணை சர்வருக்குப் போய்ச் சேரும் நேரம் தனி. எல்லாம் சேர்ந்துதான் அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. டிவி சிக்னலும் சில விநாடி தாமதமாகத்தான் வரும், ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

கையிருப்பைக் குறைத்தால் தாமதம் குறையும். ஆனால் நெட் லேசாகத் தும்மினாலும் படம் நின்றுவிடும். தாமதம் வேண்டுமா, தடங்கல் வேண்டுமா என்ற கேள்விக்கு பெரும்பாலான நிறுவனங்கள் தாமதத்தைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. பார்ப்பவர்களிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், பக்கத்து வீட்டில் டிவி இல்லாத வரைக்கும்!

பந்தியில் ஆள் கூடினால் என்ன செய்வோம்?

கல்யாண வீட்டில் 500 பேருக்குச் சமைத்திருக்கிறார்கள், 800 பேர் வந்துவிட்டார்கள். சமையல்காரர் முன்னால் இருக்கும் வழிகள் மூன்றுதான். சாம்பாரில் தண்ணீர் ஊற்றலாம். மண்டபக் கதவைச் சாத்தி, அடுத்த பந்திக்கு வாங்க எனலாம். இல்லையென்றால் பாயசம், வடையை நிறுத்திவிட்டு சோறும் சாம்பாரும் மட்டும் எல்லோருக்கும் போகிற மாதிரி பார்த்துக்கொள்ளலாம்.

சர்வர்களும் இதையேதான் செய்கின்றன.

தண்ணீர் ஊற்றுவதை எல்லோரும் பார்த்திருப்போம். திடீரென பந்து தெரியாது, ஸ்கோர் எழுத்து மங்கலாகும், புல்தரை பச்சைப் பெயின்ட் கொட்டிய மாதிரி ஆகும். போனுக்கு வரும் வேகம் குறையும்போது, அடுத்த துண்டை அது தரம் குறைந்த வரிசையிலிருந்து கேட்கிறது. சில நேரம் நிறுவனமே, இன்றைக்கு இதற்கு மேல் தரம் கிடையாது என்று எல்லோருக்கும் உச்சவரம்பு வைத்துவிடும்.

இது நாடு முழுக்க ஒரே நேரத்தில் நடந்தும் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்க, நெட்வொர்க் தாங்காது என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கவலைப்பட்டன. நெட்ஃபிளிக்ஸ், அமேசான், ஹாட்ஸ்டார், யூடியூப் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து, மொபைல் நெட்டில் 480பி தரத்துக்கு மேல் ஏப்ரல் 14 வரை கொடுக்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்டன. பலருக்கு அன்றைக்கு ஹெச்டி பட்டன் காணாமல் போனதன் காரணம் அதுதான். அதே மாதம் பிரான்ஸில் டிஸ்னி பிளஸ் சேவை அறிமுகமாக வேண்டியிருந்தது. நெட்வொர்க் மேல் சுமை ஏற்ற வேண்டாம் என அரசே கேட்டுக்கொண்டதால், மார்ச் 24-ல் வர வேண்டியது ஏப்ரல் 7-க்குத் தள்ளிப்போனது.

கதவைச் சாத்துவது இரண்டாவது வழி. உள்ளே இருப்பவர்களுக்குக் காட்சி ஒழுங்காக ஓடும், புதிதாக வருபவருக்கு 'சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும்' என்று வரும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது நியாயமான வழிதான். தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஆளை உள்ளே விட்டால், எல்லோருக்குமே படம் நின்றுவிடும். ஆனால் காசு கட்டியவரை வாசலில் நிறுத்த எந்த நிறுவனத்துக்கும் மனசு வராது. அதனால் பெரும்பாலும் முதல் வழியையும் மூன்றாவது வழியையும்தான் நம்புகிறார்கள்.

மூன்றாவது வழிக்கு நல்ல உதாரணம் 2019-ல் நடந்தது.

தோனி அவுட் ஆனதும் நடந்தது என்ன?

2019 ஜூலை 10. மான்செஸ்டரில் இந்தியா - நியூசிலாந்து உலகக் கோப்பை அரையிறுதி. முந்தைய நாள் மழையில் நின்ற ஆட்டம் அன்று தொடர்ந்தது. தோனி, ஜடேஜா ஜோடி நம்பிக்கை கொடுக்கக் கொடுக்க, ஹாட்ஸ்டாரில் பார்ப்பவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் ஒரே நேரத்தில் 2.53 கோடியைத் தொட்டது. அன்றைக்கு அது உலக சாதனை. சில வாரங்களுக்கு முன் சென்னை - மும்பை ஐபிஎல் இறுதியில் வந்த 1.86 கோடிதான் அதற்கு முந்தைய உச்சம்.

அப்புறம் மார்ட்டின் கப்டில் எறிந்த த்ரோ, தோனி ரன் அவுட். கோடிக்கணக்கான ரசிகர்கள் உடைந்துபோனார்கள்.

ஆள் போனால் சர்வருக்கு நிம்மதிதானே என்று தோன்றும். நடப்பது அதற்கு நேர் எதிர். ஆட்டத்தை வெறுத்தவர் போனைத் தூக்கி எறிவதில்லை, 'பேக்' பட்டனை அழுத்துகிறார். அழுத்தினால் செயலியின் முகப்புப் பக்கம் வரும். அந்தப் பக்கத்தில் உங்களுக்குப் பிடித்த படங்கள், பாதியில் விட்ட சீரியல், பரிந்துரைகள் என ஒவ்வொன்றுக்கும் சர்வரிடம் தனித்தனியாகக் கேள்வி போகும். வீடியோ அனுப்பும் சர்வர் காலியாகிற அதே நொடியில், முகப்புப் பக்கம் கொடுக்கும் சர்வர் மேல் கோடிக்கணக்கில் கேள்விகள் விழும். வாசலுக்குப் போடும் காவலைவிட வெளியே போகும் வழிக்குத்தான் அதிகக் காவல் வேண்டும் என்பதை ஹாட்ஸ்டார் பொறியாளர்கள் பின்னர் பொது மேடையிலேயே விளக்கினார்கள்.

அதற்கு அவர்கள் வைத்திருந்த ஏற்பாடுதான் பாயசத்தை நிறுத்துவது. நெருக்கடி வந்தால் பரிந்துரை போன்ற 'இருந்தால் நல்லது' வகை வசதிகளை அணைத்துவிடுவார்கள். லாகின், பணம் கட்டுவது, வீடியோ இந்த மூன்றும் மட்டும் உயிரோடு இருக்கும். பெரிய மேட்ச் நாளில் செயலியின் முகப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி, மொட்டையாகத் தெரிந்தால் அது கோளாறு இல்லை. தெரிந்தே செய்வது.

கூடுதல் சர்வரை அந்த நேரத்தில் சேர்த்துக்கொண்டால் போதாதா? அதிலும் சிக்கல் உண்டு. வாடகைக்கு எடுக்கும் கிளவுட் சர்வர் ஒன்று எழுந்து வேலைக்குத் தயாராகச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் நிமிடத்துக்குப் பத்து லட்சம் பேர் என்ற வேகத்தில் கூட்டம் உள்ளே வந்துவிடும். அதனால் கூட்டத்தைக் கணித்து, சர்வர்களை முன்கூட்டியே எழுப்பி வைத்திருக்க வேண்டும். ஆள் வராவிட்டால் வாடகை தண்டம், கணிப்புக்கு மேல் வந்தால் வட்டம் சுற்றும். இலை போட்டு வைத்துவிட்டு ஆளுக்குக் காத்திருப்பது மாதிரிதான். இப்படிப் பழகிப் பழகித்தான் 2023 நவம்பர் 19-ல் இந்தியா - ஆஸ்திரேலியா இறுதிப்போட்டியில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் வரை ஹாட்ஸ்டார் தாங்கியது.

படம் ஓடுது, லைவ் மட்டும் ஏன் நிக்குது?

நெட்ஃபிளிக்ஸில் படம் அழகாக ஓடும், அதே போனில் லைவ் மேட்ச் திணறும். படம் ஏற்கெனவே முடிந்த பொருள். அதன் நகலை இரவில் நெட்வொர்க் காலியாக இருக்கும் நேரத்தில் ஊர் ஊராக இருக்கும் துணை சர்வர்களில் நிரப்பி வைத்துவிடலாம். நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தப் பெட்டிகளை இணைய நிறுவனங்களின் மையங்களிலேயே வைத்து இதைத்தான் செய்கிறது. மேலும் எல்லோரும் ஒரே நொடியில் ஒரே காட்சியைப் பார்ப்பதும் இல்லை. எம்பாப்பேயின் கோலை முதல் நாள் இரவே நிரப்பி வைக்க முடியுமா?

படத்தில் கில்லாடியான நெட்ஃபிளிக்ஸே லைவில் தடுமாறியது. 2024 நவம்பரில் மைக் டைசன் - ஜேக் பால் குத்துச்சண்டையை அது நேரலை செய்தபோது ஒரே நேரத்தில் 6.5 கோடி இணைப்புகள். பல நாடுகளில் காட்சி நின்று ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். காசு, ஆள், தொழில்நுட்பம் எல்லாம் இருந்தும் இதுதான் நிலை.

தப்பு யார் பக்கம்? கண்டுபிடிப்பது எப்படி?

வட்டம் சுற்றும்போது இரண்டு நிமிடம் ஒதுக்கினால் ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் அதே போனில் யூடியூபில் ஏதாவது ஒரு ஹெச்டி வீடியோவைப் போடுங்கள். அது தடையில்லாமல் ஓடினால் உங்கள் நெட் பெரும்பாலும் சரி, சிக்கல் மேட்ச் செயலியின் பக்கம். பேக் மாற்றுவதும் ரவுட்டரை அணைப்பதும் வீண். அதுவும் திணறினால் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள். மாறியதும் சரியானால் வீட்டு இணைப்பில்தான் கோளாறு.

வீட்டில் நன்றாக ஓடியது கடற்கரைச் சாலைக்குப் போனதும் நிற்கிறதா? வார இறுதி மாலையில் காந்தி சிலை பக்கம் நிற்கும் அத்தனை பேரும் ஒரு சில டவர்களைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அங்கே சர்வரையும் செயலியையும் திட்டிப் பயனில்லை, நாலு தெரு உள்ளே வந்தால் சரியாகலாம்.

இன்னொரு காரணம் பலருக்கும் தோன்றாதது, தினசரி டேட்டா வரம்பு. 3 எம்பிபிஎஸ் தரத்தில் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிபி காலி. தினம் 1.5 ஜிபி பேக் வைத்திருப்பவருக்கு இரண்டாவது பாதி தொடங்கும்போதே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு பெரும்பாலான பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அதில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், மேட்ச் வராது. தரத்தை 'ஆட்டோ'வில் விடாமல் கைமுறையாகக் குறைத்து 1 எம்பிபிஎஸ் அளவில் வைத்தால் மணிக்கு 450 எம்பிதான் ஆகும். போன் திரைக்கு அது போதும்.

பிரெஞ்சு கமென்டரிக்காக விபிஎன் போட்டு பிரான்ஸ் சேனல்களைத் திறப்பவர்களும் உண்டு. ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு வேறு என்பதால் அது விதிப்படி சரியில்லை என்பது ஒரு பக்கம். பக்கத்தில் இருக்கும் சர்வரை விட்டுவிட்டு ஐரோப்பா வரை சுற்றி வருவதால் வேகமும் அடிவாங்கும்.

காட்சி நின்றதும் செயலியை மூடித் திறப்பது எல்லோருக்கும் பழக்கம். கோளாறு சர்வர் பக்கம் என்றால் இது நமக்கே பாதகம். மறுபடி லாகின், மறுபடி முகப்பு, மறுபடி சந்தா சரிபார்ப்பு என்று வரிசையின் கடைசிக்குப் போய் நிற்போம். உள்ளே இருந்தபடியே தரத்தைக் குறைத்துப் பார்ப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது. ஆட்டம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே உள்ளே போய்விடுவதும், அப்டேட்டை முந்தைய நாளே முடித்துவிடுவதும் நல்லது.

புகார் எங்கே சொல்வது?

இங்கேதான் ஓட்டை. மொபைல், பிராட்பேண்ட் நிறுவனங்களுக்கு டிராய் தர விதிகள் இருக்கின்றன. 2024 அக்டோபர் 1 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. நெட்வொர்க் தாமதம், வழியில் தொலையும் டேட்டா அளவு இவற்றுக்கெல்லாம் அதில் வரம்பு உண்டு. ஆனால் அவை இணைப்பு கொடுப்பவருக்கான விதிகள். ஸ்ட்ரீமிங் செயலியின் சர்வர் எத்தனை நொடி நிற்கலாம், கட்டிய காசுக்கு எந்தத் தரம் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வராது.

இணைப்பில் கோளாறு என்றால் முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் புகார் பதிந்து எண்ணை வாங்கி வைக்க வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்.

செயலியில் கோளாறு, நீங்கள் சந்தா கட்டியவர் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். காட்சி நின்ற நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், அதே நேரத்தில் எடுத்த ஸ்பீட் டெஸ்ட் முடிவு, சந்தா ரசீது மூன்றும் கையில் இருந்தால் பேசுவது சுலபம். இலவசமாகப் பார்த்தவருக்கு இந்த வழி கடினம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக்கு விலை கொடுத்தவர்தான் நுகர்வோர். 2022-ல் ஜியோசினிமாவில் பார்த்தவர்கள் மீம்ஸ் போட்டதோடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டவர் நெட் இல்லாமலே டிவி மாதிரி போனுக்கு நேராக ஒளிபரப்பும் 'டி2எம்' தொழில்நுட்பத்தை இந்தியாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்பீக்கர் முறை போனுக்கே வந்தால் ஆள் கூடினாலும் சுமை கூடாது. ஆனால் அதற்கென தனி சிப் உள்ள போன் வேண்டும்.

அதுவரை 40 விநாடித் தாமதத்தோடுதான் பார்த்தாக வேண்டும். இறுதிப்போட்டி இரவில் ஸ்கோர் அலர்ட்டையும் ஃபேமிலி குரூப்பையும் மியூட்டில் போட்டுவிடலாம். பக்கத்து வீட்டு டிவிக்கு மட்டும் மியூட் பட்டன் கிடையாது!